நாணல் தந்த அலகு

லூட்சர்னில் எஸ் 1 ரயில் ஏறினால் ஐந்து நிமிடத்தில் எம்மன்புரூக்கே. ஏரியையும் மரப்பாலத்தையும் பார்க்க லூட்சர்னில் வந்து குவியும் பயணிகள் இந்த நிலையத்தில் பெரும்பாலும் இறங்குவதில்லை. இது உழைப்பாளிகளின் ஊர். ஃபொன் மோஸ் குடும்பத்தாரின் இரும்பாலை 19ஆம் நூற்றாண்டிலேயே இங்கே உலை மூட்டியது. 1906இல் செயற்கைப் பட்டு நூற்கும் விஸ்கோஸ் ஆலை வந்தது. இரண்டுக்கும் ஆள் தேவைப்பட்டது. இத்தாலியர் வந்தார்கள், யூகோஸ்லாவியர் வந்தார்கள், 1980களிலிருந்து எங்கள் யாழ்ப்பாணத்தாரும் வந்தார்கள். என் அக்கா குடும்பம் அப்படி வந்து வேரூன்றியதுதான். விஸ்கோஸ் ஆலையின் பழைய கட்டடங்களில் இப்போது லூட்சர்ன் கலைக்கல்லூரி மாணவர்கள் படிக்கிறார்கள். இரும்பாலை இன்னும் ஓடுகிறது.

"தம்பி, குருவி பாக்கிறதுக்கெண்டோ இவ்வளவு தூரம் வந்தனி?" என்று அக்கா கேட்டாள். அவளைப் பார்க்கத்தான் வந்தேன். ஆனால் சித்திரை மாதமாகப் பார்த்து வந்ததற்குக் குருவிதான் காரணம். அது பாடும் மாதம் இது.

விஷயம் இதுதான். வட அமெரிக்காவின் சதுப்புநிலங்களில் வாழும் ஒரு குருவியைப் பற்றிச் சில காலமாகப் படித்து வருகிறேன். ஆங்கிலத்தில் அதை ஸ்வாம்ப் ஸ்பேரோ என்பார்கள். சதுப்புக்குருவி என்று வைத்துக்கொள்வோம். 1790இல் இங்கிலாந்தின் ஜான் லேதம் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். கனடாவின் ஊசியிலைக் காடுகளுக்கிடையே உள்ள சேற்று நிலங்களிலும், நியூஃபவுண்ட்லாந்திலும், அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலும் கூடு கட்டும். குளிர் வந்ததும் அமெரிக்கத் தெற்குக்கும் மெக்சிகோவுக்கும் இறங்கும். இந்த ஒரே குருவியை மூன்று துணையினங்களாகப் பிரித்திருக்கிறார்கள். இரண்டு உள்நாட்டின் நன்னீர்ச் சேறுகளில் வாழ்பவை. மூன்றாவது, டெலவேர், செசபீக் விரிகுடாக்களை ஒட்டி, அலை ஏறி இறங்கும் உவர்சேற்றில் மட்டும் கூடு கட்டுவது. 1951 வரை அதைத் தனித்து யாரும் அடையாளம் காணவில்லை. நிறம் கறுப்பேறியது, அலகு பருத்தது என்று பார்த்துத்தான் அப்போது தனியாகப் பெயரிட்டார்கள்.

இவ்வளவு சிறிய பறவையின் அலகு அரை மில்லிமீட்டர் பருத்திருப்பதை வைத்து வேறு பெயர் கொடுக்கத்தான் வேண்டுமா? இந்தக் கேள்வி என்னை விடவில்லை. அமெரிக்கா போகும் வாய்ப்பு இல்லை. ஆனால் அந்தக் குருவியைப் போலவே சேற்றையும் நாணலையும் நம்பி வாழும் ஒன்று அக்கா வீட்டிலிருந்து சிறிது தூரத்தில் இருக்கிறது என்று பேர்ன் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கும் மருமகள் சொல்லியிருந்தாள். ஜெர்மனில் ரோர்அம்மர், ஆங்கிலத்தில் ரீட் பண்டிங். நான் நாணற்குருவி என்று எழுதுகிறேன்.

முதல் நாள் அத்தானோடு ஆறு கூடும் இடத்துக்கு நடந்தேன். என்ட்லேபுக் மலைகளிலிருந்து வரும் சின்ன எம்மே, லூட்சர்ன் ஏரியிலிருந்து வெளியேறி வரும் ரொய்ஸ் ஆற்றில் இங்கேதான் விழுகிறது. 2005 ஆகஸ்டில் இந்தச் சின்ன ஆறு பொங்கி ஊரின் தாழ்ந்த பகுதிகளை மூழ்கடித்தது. அதன்பின் கரையை இன்னும் உயர்த்துவதோடு நின்றுவிடாமல் ஆற்றுக்கு இடம் விட்டு அகலப்படுத்தினார்கள். சங்கமத்து முனையில் இப்போது கூழாங்கல் மேடும் வில்லோப் புதரும் உண்டு. நாணல் இல்லை. நாணல் நிற்க வேண்டுமானால் தண்ணீர் தேங்க வேண்டும். இது ஓடும் ஆறு.

அந்த முனையில் நின்றபோது அத்தான் பழைய சம்பவம் ஒன்றைச் சொன்னார். 2000ஆம் ஆண்டு மார்ச் மாதம், எம்மன்புரூக்கே அடங்கிய எம்மன் நகரத்தில் குடியுரிமை கேட்டு விண்ணப்பித்த 56 பேரின் விவரங்களை அச்சடித்து வாக்காளர்களுக்கு அனுப்பி, வாக்குப்பெட்டியில் முடிவெடுக்க விட்டார்கள். இத்தாலியிலிருந்து வந்த குடும்பங்கள் மட்டும் தேறின. பழைய யூகோஸ்லாவியாவிலிருந்து வந்தவர்கள் உட்பட மற்ற எல்லோரும் தோற்றார்கள். "ஆள் ஆரெண்டு ஒருத்தரும் பாக்கேல்லை, எந்த நாடெண்டுதான் பாத்தவை" என்றார் அத்தான். 2003இல் லோசானில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் அப்படி வாக்கெடுத்துக் குடியுரிமை மறுப்பது அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. நாடு முழுவதும் நடைமுறை மாறியது.

மனிதரை இனம் பிரித்துப் பட்டியல் போட்டால் என்ன நடக்கும் என்று தெரிந்த மண்ணிலிருந்து வருகிறவன் நான். ஆகையால் இனம், துணையினம் என்ற சொற்களைப் பறவைக்குப் பயன்படுத்தும்போதும், இந்தக் கோட்டை யார் போட்டார்கள், எதைப் பார்த்துப் போட்டார்கள், போட்டதால் அந்த உயிருக்கு என்ன ஆயிற்று என்று கேட்காமல் என்னால் படிக்க முடிவதில்லை.

மறுநாள் மருமகளோடு செம்பாக். அதே எஸ் 1 ரயில்தான், ரோட்டன்பூர்க் தாண்டியதும் வந்துவிடும். 1386இல் ஹாப்ஸ்பூர்க் படையைச் சுவிஸ் விவசாயிகள் தோற்கடித்த போர்க்களத்தால் இந்த ஊர் வரலாற்றில் பெயர் பெற்றது. பறவை பார்ப்பவர்களுக்கு வேறு காரணம். சுவிஸ் பறவையியல் நிலையம், அவர்கள் வழக்கில் ஃபோகெல்வார்ட்டே, 1924 முதல் இங்கேதான் இருக்கிறது. பறவைகளின் காலில் மெல்லிய அலுமினிய வளையம் மாட்டி, அவை எங்கே போகின்றன என்று அறிவதற்காகத் தொடங்கிய நிலையம் இது. இன்று நாட்டின் பறவைகள் அனைத்தையும் பற்றிய கணக்கு இங்கேதான் சேர்கிறது. 1970களிலும் 1990களிலும் 2013 முதல் 2016 வரையிலும் சுவிஸ் முழுவதையும் சதுரம் சதுரமாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்திலும் என்ன கூடு கட்டுகிறது என்று எண்ணி, வரைபடத் தொகுதிகளாக வெளியிட்டிருக்கிறார்கள். பெரும்பாலான எண்ணிக்கை சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள் அதிகாலையில் எழுந்து செய்தது.

ஏரிக்கரையில் 2015இல் திறந்த பார்வையாளர் கட்டடம் மண்ணால் ஆனது. ஈரமண்ணை அச்சுக்குள் கொட்டி இடித்து இறுக்கிய சுவர்கள். அடுக்கு அடுக்காக மண்ணின் நிறம் தெரிகிறது. கையை வைத்துப் பார்த்தேன், சில்லென்றிருந்தது.

உள்ளே நாணற்குருவியைப் பற்றிப் பேசும்போது மருமகள் ஒன்று சொன்னாள். சில வருடங்களுக்கு முன்வரை இந்தப் பறவையும் என் அமெரிக்கச் சதுப்புக்குருவியும் ஒரே குடும்பத்தில் இருந்தவை. இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா போய்க் குடியேறியவர்கள், அங்கே தவிட்டு நிறத்தில் கீற்றுக் கீற்றாகத் தெரிந்த சிறு பறவைகளையெல்லாம் தங்கள் ஊர் ஸ்பேரோ என்றே அழைத்தார்கள். உண்மையில் அவை எங்கள் வீட்டுக் கூரையில் கூடு கட்டும் சிட்டுக்குருவிக்கு நெருங்கிய உறவில்லை. அறிவியலாளர்கள் அவற்றை நாணற்குருவி சேர்ந்த எம்பெரிசிடே குடும்பத்தில் நீண்ட காலம் வைத்திருந்தார்கள். மரபணுக்களை ஒப்பிட்ட பிறகு, அமெரிக்கக் குருவிகள் தனிக் கிளை என்று தெரிந்தது. 2017இல் அமெரிக்கப் பறவையியல் சங்கம் தன் பட்டியலில் அவற்றைப் பாசெரெல்லிடே என்ற தனிக் குடும்பமாகப் பிரித்தது. அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் நின்ற உறவினர் அன்றோடு வேறு வேறு வீட்டார் ஆனார்கள்.

இது எனக்கு வருத்தம் தரவில்லை, மகிழ்ச்சி தந்தது. இரண்டு பறவைகளும் ஒரே குடும்பமாக இருந்து ஒரே மாதிரி வாழ்ந்தால் அதில் வியப்பில்லை. வேறு வேறு குடும்பங்களாகப் பிரிந்துபோன பிறகும் சேறு இரண்டையும் ஒரே விதமாக வனைந்திருக்கிறது என்றால், அங்கேதான் கவனிக்க வேண்டியது இருக்கிறது.

செம்பாக் ஏரியில் நாணல் மெலிந்த பட்டையாகத்தான் நிற்கிறது. விளைநிலம் வேண்டும் என்பதற்காக 1806இல் ஏரியின் நீர்மட்டத்தையே தாழ்த்தினார்கள். பின்னாளில் சுற்றியுள்ள பண்ணைகளின் உரமும் சாணியும் வந்து கலந்து, 1984 கோடையில் ஏரி மீன்கள் கூட்டம் கூட்டமாக மூச்சுத் திணறிச் செத்தன. அன்றிலிருந்து ஏரியின் அடியில் குழாய் போட்டுக் காற்று ஊட்டுகிறார்கள். ஆகவே நாணற்குருவியைத் தேடி நாங்கள் சுர்சே தாண்டி வௌவிலுக்குப் போனோம்.

வௌவில் சமவெளியில் ஒருகாலத்தில் ஏரி இருந்தது. 1850களில் அதை வடித்தார்கள். வடிந்த நிலத்தில் கரிமண் வெட்டி விறகாக எரித்தார்கள். வெட்டிய இடத்தில் கற்காலத்து மரத்தூண்கள் வெளிப்பட்டன. ஆறாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு ஏகோல்ட்ஸ்வில் கரையில் வாழ்ந்த விவசாயிகளின் வீடுகள் அவை. ஈரக் கரிமண் அவற்றை அழுகவிடாமல் காத்திருந்தது. 2011இல் அந்த இடம் ஆல்ப்ஸ் மலையைச் சுற்றியுள்ள மற்ற ஏரிக்குடியிருப்புகளோடு சேர்த்து யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. இன்று சமவெளி முழுக்கக் காய்கறிப் பாத்தியும் மேய்ச்சல் நிலமும். நடுவே ஒரு துண்டு மட்டும் பாதுகாக்கப்பட்ட சதுப்பாக நிற்கிறது. வயலில் முட்டையிடும் ஆள்காட்டிகளை நரியிடமிருந்து காக்க மின்வேலி போட்டிருப்பார்கள், அதைச் சுற்றிப் போக வேண்டும் என்று மருமகள் எச்சரித்தாள். அதுவும் ஃபோகெல்வார்ட்டேயின் வேலைதான்.

காலை ஈரம் காலணியை நனைத்தது. போன வருடத்து நாணல் வெளுத்து நின்றது, அடியில் புதுக் குருத்து. சிறிது நேரம் ஒன்றும் இல்லை. பிறகு அவள் என் முழங்கையைத் தொட்டாள்.

"மாமா, அந்த நுனியில பாருங்கோ. வளைஞ்சு நிக்கிற தாளில."

ஆண். கரிய தலை, கரிய தொண்டை, கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பட்டை, அலகின் ஓரத்திலிருந்து கீழே இறங்கும் வெள்ளை மீசைக் கோடு. முதுகு காய்ந்த நாணலின் நிறம். எடை இருபது கிராமுக்குச் சற்று முன்பின் இருக்கும். அந்த எடைக்கே தாள் வளைந்திருந்தது. நாலைந்து ஒலிகள், தயங்கித் தயங்கி, ஒவ்வொன்றுக்கும் நடுவே இடைவெளி விட்டு. திரும்ப அதே. குயிலோடும் வானம்பாடியோடும் ஒப்பிட்டால் இது பாட்டே இல்லை என்பார்கள். எனக்கு அந்தச் சிக்கனம் பிடித்துவிட்டது.

அந்தக் கரிய தலை எப்படி வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். இலையுதிர்காலத்தில் புதிய இறகு முளைக்கும்போது அதன் நுனி தவிட்டு நிறமாக இருக்கும், அடிப்பகுதிதான் கறுப்பு. குளிர்காலம் முழுவதும் தலை தவிட்டு நிறமாகவே தெரியும். தாளிலும் புதரிலும் உரசி உரசி நுனி தேய்ந்துபோக, வசந்தத்தில் உள்ளே மறைந்திருந்த கறுப்பு வெளியே வருகிறது. துணை தேடுவதற்கான அலங்காரத்தைப் புதிதாக வளர்க்காமல், பழையதைத் தேய்த்தே அது பெற்றுக்கொள்கிறது.

தொலைநோக்கியில் நான் தேடியது அலகைத்தான். சிறியது, குறுகியது, கூம்பு வடிவம். புல்விதை கொறிக்கப் போதுமானது. லின்னேயஸ் 1758இல் பெயரிட்டது வடக்கு ஐரோப்பாவின் இந்த மெல்லலகு வடிவத்துக்குத்தான். ஆனால் நாணற்குருவி அயர்லாந்து, போர்ச்சுகல் தொடங்கிக் கம்சாட்கா, ஜப்பான் வரை பரந்திருக்கிறது. இந்த நீளத்தில் ஏறத்தாழ இருபது துணையினங்களைப் பிரித்திருக்கிறார்கள். வடக்கே மெல்லிய அலகு. தெற்கே போகப் போக அலகு பருக்கிறது. இத்தாலியின் போ ஆற்றுச் சமவெளியில் நடுத்தரம். பால்கனிலும் காஸ்பியன் கரையிலும் மத்திய ஆசியாவிலும் தடித்து, மேல் விளிம்பு வளைந்து, கிளியின் அலகைப் போல் உப்பியிருக்கும்.

காரணம் நாணலுக்குள் இருக்கிறது. வடக்கே குளிர்காலத்தில் சேறு உறைந்துவிடும். அங்குள்ள குருவிகள் தெற்கே பறந்து, வயலோரங்களில் விதை பொறுக்கிப் பிழைக்கின்றன. தெற்கத்திக் குருவிகள் பெரும்பாலும் இடம்விட்டு நகர்வதில்லை. அவற்றுக்குக் குளிர்காலச் சாப்பாடு தடித்த நாணல் தாளின் உள்ளே தூங்கும் பூச்சிகளும் புழுக்களும். தாளை உடைத்துப் பிளக்க வலுவான அலகு வேண்டும். ஆக, ஒரு குருவியின் அலகைப் பார்த்து அது குளிர்காலத்தில் ஊரில் இருக்குமா, ஊர்விட்டுப் போகுமா, அதன் ஊரில் நாணல் எப்படி நிற்கிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஸ்பெயினின் சில சதுப்புகளில் குளிர்காலத்தில் இரண்டையும் ஒன்றாகவே காணலாம். வடக்கிலிருந்து வந்த மெல்லலகு விருந்தாளிகளும், அந்தச் சதுப்பைவிட்டு எங்கும் போகாத தடியலகு உள்ளூர்வாசிகளும் ஒரே நாணற்காட்டில்.

இப்போது அமெரிக்காவுக்கு வருகிறேன். அங்கே உவர்சேற்றுச் சதுப்புக்குருவியின் அலகு பருத்ததற்கு நாணல் காரணமில்லை. ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ரஸ்ஸல் கிரீன்பெர்க் இதில் பல ஆண்டுகள் உழைத்தார். கடலோர உவர்சேற்றில் வாழும் குருவிகள் பலவற்றுக்கும், அவை எந்த உறவானாலும், உள்நாட்டு உறவினரைவிட அலகு பெரிது, உடல் கறுப்பு அல்லது சாம்பல் என்பதை அவர் கவனித்தார். கறுப்புக்கு ஒரு காரணம் சேற்றின் நிறத்தோடு ஒளிந்துகொள்வது; இறகைத் தின்னும் நுண்ணுயிர்கள் ஈரமான உவர்சேற்றில் மிகுதி, மெலனின் ஏறிய இறகை அவற்றால் எளிதில் அரிக்க முடியாது என்பது இன்னொரு விளக்கம். பெரிய அலகின் பயனை வெப்பக் கேமரா காட்டிக்கொடுத்தது. உவர்சேற்றில் குடிக்க நல்ல தண்ணீர் அரிது. வாய் திறந்து மூச்சிரைத்து உடலைக் குளிர்வித்தால் நீர் வீணாகும். பெரிய அலகின் வழியே ஒரு துளி நீரும் இழக்காமல் வெப்பத்தை வெளியேற்ற முடிகிறது.

இதைவிட முக்கியமான இன்னொரு சோதனையும் உண்டு. கடலோரக் குஞ்சுகளையும் உள்நாட்டுக் குஞ்சுகளையும் எடுத்து, ஒரே இடத்தில், ஒரே உணவில் வளர்த்தார்கள். வளர்ந்த பிறகும் கடலோரக் குஞ்சுக்குக் கறுப்பும் பெரிய அலகும் வந்தன. ஆகவே இது பழக்கமோ உணவோ தந்த வேறுபாடு அல்ல, பிறப்பிலேயே வருவது. அதே சமயம், உறவின் தூரத்தை அளக்க வழக்கமாகப் பயன்படுத்தும் மரபணுக் குறிகளில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. அதாவது பிரிந்து அதிக காலம் ஆகவில்லை. ஆனால் அந்தக் குறுகிய காலத்துக்குள் உவர்சேறு தனக்கென ஒரு குருவியை ஆக்கிக்கொண்டது.

அரை மில்லிமீட்டருக்கு ஒரு பெயர் வேண்டுமா என்ற என் கேள்விக்கு, வௌவில் நாணலோரத்தில் நின்று எனக்குக் கிடைத்த பதில்: வேண்டும். அந்த அரை மில்லிமீட்டரில் ஒரு நிலத்தின் உப்பும் வெயிலும் நாணலும் பதிந்திருக்கின்றன. நிலம் போனால் வேறெங்கும் அது மறுபடி கிடைக்காது. பெயர் இல்லாத ஒன்றுக்காகச் சட்டமும் பணமும் வரிசையில் நிற்பதில்லை. உலக அளவில் நாணற்குருவி அழியும் ஆபத்தில் இல்லை. ஆனால் ஸ்பெயின் தன் தடியலகுத் துணையினத்தை அழியும் நிலையில் உள்ள பட்டியலில் தனியே வைத்திருக்கிறது. துணையினம் என்ற பெயர் இல்லையென்றால், "ஐரோப்பா முழுக்க இருக்கிறதே" என்று சொல்லி அந்தச் சதுப்பின் கதையை முடித்திருப்பார்கள்.

ஃபுளோரிடாவில் நடந்தது இதன் மறுபக்கம். அங்கே மெரிட் தீவிலும் செயின்ட் ஜான்ஸ் ஆற்றங்கரையிலும் மட்டும் டஸ்கி என்ற கரிய கடலோரக் குருவி வாழ்ந்தது. 1873இல் ராபர்ட் ரிட்ஜ்வே அதைத் தனி வடிவமாக விவரித்தார். விண்வெளித் தளம் வந்தது. கொசுவை ஒழிக்க முதலில் டிடிடி தெளித்தார்கள், பிறகு அணை கட்டி உவர்சேற்றை நன்னீரில் மூழ்கடித்தார்கள். ஆற்றங்கரைப் பகுதியை வடிகாலும் நெடுஞ்சாலையும் தீயும் தின்றன. 1973இல் அமெரிக்கப் பறவையியலாளர் சங்கம் டஸ்கியைத் தனி இனத்திலிருந்து துணையினமாக இறக்கியது. கடைசியில் பிடித்தவை எல்லாம் ஆண்கள்; பெண் ஒன்றுகூட இல்லை. நெருங்கிய உறவான வளைகுடாக் கரைக் குருவியோடு இணைத்து இரத்தத்தையாவது காக்கலாம் என்றார்கள் சிலர். கலப்புக் குஞ்சைச் சட்டம் டஸ்கியாக ஏற்காது என்று அதிகாரிகள் கைவிரித்தார்கள். 1987 ஜூன் 17 அன்று, டிஸ்னி உலகத்தின் டிஸ்கவரி தீவில் ஒரு கூண்டில், கடைசிக் குருவி இறந்தது. இரண்டாண்டு கழித்து வந்த மரபணு ஆய்வு, அட்லாண்டிக் கரையின் மற்றக் கடலோரக் குருவிகளிலிருந்து டஸ்கி அப்படியொன்றும் விலகியதில்லை என்றது. அதைப் படித்து ஆறுதல் அடைந்தவர்கள் உண்டு. கடலோரச் சதுப்புக்குருவியின் மரபணுக் குறிகளும் அப்படித்தானே சொல்கின்றன! விலகவில்லை என்று குறிகள் சொல்லலாம்; அந்தக் கறுப்பும் அந்தக் குரலும் திரும்ப வரவில்லை.

அதே 1987, டிசம்பர் 6. எம்மன்புரூக்கேயிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய ரோட்டன்தூர்ம் என்ற சதுப்பு மேட்டில் இராணுவம் பயிற்சித் தளம் அமைக்கத் திட்டமிட்டிருந்தது. அதை எதிர்த்து எழுந்த இயக்கம், நாட்டின் சிறப்புமிக்க சதுப்புகள் அத்தனையையும் அரசமைப்பிலேயே பாதுகாக்க வேண்டும் என்று தேசிய வாக்கெடுப்பு வரை போனது. 57.8 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். 1850க்குப் பிறகு தன் ஈரநிலங்களில் சுமார் 90 சதவீதத்தை வடித்துவிட்ட நாடு, மிச்சத்தில் கை வைக்கக் கூடாது என்று தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொண்டது. எம்மன் வாக்குப்பெட்டியைப் பற்றிச் சொன்ன நான் இந்த வாக்குப்பெட்டியைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனாலும் சுவிஸ் நாணற்குருவி தப்பிவிடவில்லை. அது இங்கே ஆபத்தில் உள்ளவற்றின் செம்பட்டியலில்தான் இருக்கிறது. சட்டம் சதுப்பை வடிப்பதைத் தடுக்கும். பக்கத்து வயலின் உரம் ஊறிவருவதையும், கவனிப்பாரின்றி நாணல் காய்ந்து வில்லோக் காடாக மாறுவதையும் சட்டம் தானாகத் தடுக்காது. குளிர்காலத்தில் நாணலைப் பகுதி பகுதியாக வெட்டி, ஒரு பகுதியைப் பழையதாகவே விட்டு, ஆழமற்ற குட்டை தோண்டி, ஆள் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. எங்கள் ஆண்குருவி உட்கார்ந்திருந்த தாளும் அப்படி வெட்டாமல் விட்ட பழந்தாள்தான். கூடு தரையோடு தரையாக, நாணல் தூரின் அடியில் இருக்கும். வெட்டுக் கத்தி நாள் தவறிப் போனால் ஒரு வருடத்துக் குஞ்சுகள் போய்விடும்.

திரும்பி வரும் ரயிலில் மருமகள் என்னிடம் கேட்டாள்: "மாமா, யாழ்ப்பாணத்துக்கெண்டு தனி உப இனம் ஏதும் இருக்கோ?"

இருக்கிறது. அதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமைதான். எங்கள் பனைகளில் முதுகு பொன்னிறமாக ஒரு மரங்கொத்தி ஏறும். இந்தியாவெங்கும் காணும் பொன்முதுகு மரங்கொத்தியின் துணையினம். இலங்கையின் வடக்கில் மட்டும் வாழ்வது. அதன் அறிவியல் பெயரின் மூன்றாம் சொல் யாழ்ப்பாணத்தின் பெயரிலேயே அமைந்தது. தெற்கே போனால் அதே உருவத்தில், ஆனால் முதுகு குங்குமச் சிவப்பாக இன்னொன்று. நெடுங்காலம் இரண்டையும் ஒரே இனத்தின் இரு துணையினங்கள் என்றே எழுதிவந்தார்கள். 2016இல் சமிந்த பெர்னாண்டோவும் டேரன் எர்வினும் சம்பத் செனவிரத்னவும் நிறத்தையும் மரபணுவையும் அளந்து, சிவப்பு முதுகை இலங்கைக்கே உரிய தனி இனமாகக் கொள்ள வேண்டும் என்பதற்கு ஆதாரம் தந்தார்கள். இரண்டுக்கும் நடுவே, இரண்டும் கலந்து இடைநிறம் காட்டும் ஒரு வலயம் இருக்கிறது. பொன் தெற்கே சிவப்பாக மாறும் அந்த நிலத்தின் ஊடாகத்தான் நாங்கள் சிறுவயதில் கொழும்பு போய்வந்தோம். போர்க்காலத்தில் அங்கே தொலைநோக்கியோடு நிற்க யாராலும் முடிந்திருக்காது.

"அப்ப அந்த நடு இடத்தில பிறக்கிறதுக்கு என்ன பேர் மாமா?"

தனிப் பெயர் கிடையாது, கலப்பு என்றுதான் குறிப்பார்கள் என்றேன். ஃபுளோரிடாவில் அந்தக் குறிப்பால் என்ன நடந்தது என்பதை அவள் காலையிலேயே கேட்டிருந்தாள். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அவற்றையும் யாராவது எண்ண வேண்டும் என்றாள். வருகிற மார்கழியில் அவள் யாழ்ப்பாணம் வருகிறாள். ஏ9 வீதியில் கிளிநொச்சி, மாங்குளம், வவுனியா என்று தெற்கே இறங்கி, பனையும் தென்னையும் நிற்கும் இடமெல்லாம் நின்று, கண்ணில் படும் ஒவ்வொரு மரங்கொத்தியின் முதுகு நிறத்தையும் இடத்தோடு சேர்த்துக் குறித்துக்கொண்டு போவது என்று ரோட்டன்பூர்க் நிலையம் வருவதற்குள் முடிவு செய்துவிட்டோம்.